எழுந்து நிற்காத அந்தப் பெண்ணைப் பற்றி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கை கழுவக்கூட எழுந்திருக்காமல், நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நீ ஒரு கதை சொன்னாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நலம் விசாரித்து ஆரம்பிக்க மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். பிச்சாவரம் பார்ப்பதற்காக உன்னோடு வந்திருந்த உன்னோடு கல்லூரியில் பாடம் நடத்தும் வாத்தியார்கள் இரண்டு பேரும் என் சமையலைப் புகழ்ந்தார்கள். அதில் கண்ணாடி போட்டவர்தான் ஆரம்பித்து வைத்தார். "ஆன்ட்டி, உங்க பையன் கிளாஸ்ல சிங்கம். அன்னிக்கி ஒரு பொண்ண வச்சி செஞ்சாரு பாருங்க, டிபார்ட்மெண்டே சிரிச்சிது" என்றார். நீ கூச்சப்படுகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, பிறகு முழுதாகச் சொன்னாய்.

நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டால் எப்படி இருக்கிறது என்று பார். அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. உன் வகுப்பில் எந்தச் சாதிப் பிரிவில் எத்தனை பேர் என்று பட்டியலோடு சரிபார்த்துத் தர வேண்டும். "பி.சி. எல்லாம் எழுந்திரு" என்றாய், எண்ணினாய், உட்காரச் சொன்னாய். "எம்.பி.சி." என்றாய். கடைசியாக "எஸ்.சி." என்றாய். ஏழு பேர் எழுந்தார்கள். பட்டியலில் எட்டு இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது அவள்தான் என்று உனக்குத் தெரியும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சீட்டு வாங்கும்போது வராத வெட்கம், எழுந்து நிக்கிறதுக்கு மட்டும் வருதா?" என்று கேட்டாய். வகுப்பு சிரித்தது. அவள் எழுந்தாள். நீ எட்டு என்று எழுதினாய். "அஞ்சே நிமிஷம்மா, ஃபார்ம் முடிஞ்சிது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய்.

உன் நண்பர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்குத் தெரியும். அந்த வகுப்பில் நீ மாணவனாக உட்கார்ந்திருந்தால், ஒன்பதாவதாக எழுந்திருக்க வேண்டியவன் நீ. பண்ருட்டிப் பக்கத்தில் நம் ஊர்க் காலனியில் பிறந்த என் பிள்ளை, அதே காலனி மாதிரி ஏதோ ஒரு காலனியிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணை நிறுத்தி வைத்துச் சிரிக்க வைத்திருக்கிறாய். தெரியாமல் செய்கிறவனைவிடத் தெரிந்து செய்கிறவன் மேல் எனக்குக் கோபம் ஜாஸ்தி. அவர்கள் உன்னைத் தங்களில் ஒருவனாக எண்ண வேண்டும் என்பதற்காகச் செய்தாய் என்றால், அந்தக் கோபம் இன்னும் ஜாஸ்தி.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? "பாயசம் இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போனேன். மூன்று டம்ளரில் ஊற்றினேன். சிரித்த முகமாகவே கொண்டு வந்து கொடுத்தேன். உங்கள் கார் தெருமுனை திரும்பியதும் உன் அப்பா வந்து நின்றார். முப்பது வருஷம் லைன்மேன் வேலை பார்த்த மனுஷன், அதிகம் பேசமாட்டார். "காலேஜ்ல போயி அந்தப் பேச்சு பேசுற. இங்க இன்னாத்துக்கு வாய மூடிக்கினு பாயசம் ஊத்தின?" என்று கேட்டார். "நீங்க மட்டும் இன்னா பண்ணீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். "நானும் பேப்பரத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாது என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷமாக நான் மாணவர்களுக்கு ஆலோசகர். தினமும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். ஜெராக்ஸ் எடுக்கும் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. பச்சைத் திரை, நான்கு பாய், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூழாங்கல் அடுக்கிய படம். மனதை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி நடத்த வேண்டும், வாரம் ஒருமுறை ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் படம் நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணை மூடியிருக்கிற பிள்ளைகள் எதையும் கேட்பதில்லை அல்லவா?

மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை நான் கேலி செய்யவில்லை. அதை முறையாகக் கற்றுக்கொண்டவள் நான். பரீட்சை பயத்தோடு வந்த பிள்ளைகள் அதனால் நிதானத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். என் ரத்த அழுத்தத்துக்கு நானே தினமும் செய்கிறேன். ஆனால் ஒருத்தியின் காலை இன்னொருவன் மிதித்துக்கொண்டு நிற்கும்போது, அவளிடம் போய் மூச்சை மெதுவாக இழுத்து விடு என்று சொல்வது வைத்தியம் இல்லை. அதையும் நான் செய்திருக்கிறேன். யாருக்குச் செய்தேன் என்று சொல்கிறேன், கேள். அவளை மலர் என்று வைத்துக்கொள். அது அவள் பெயர் இல்லை. என் அறையில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது என் தொழிலின் முதல் விதி. அவளே சொல்லச் சொன்னதால்தான் எழுதுகிறேன். எப்படிச் சொல்லச் சொன்னாள் என்பதையும் பிறகு எழுதுகிறேன்.

மலர் இரண்டாம் வருஷ மாணவி. புவனகிரிப் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா பெயிண்டர், அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். அவள் துறையிலிருந்து ஒரு சீட்டோடு அனுப்பியிருந்தார்கள். "கவனக் குறைவு, வகுப்பில் ஒத்துழைப்பதில்லை" என்று சீட்டில் இருந்தது. வந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் "ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள். நானும் பாயைக் காட்டினேன். மூன்று வாரம் வந்தாள். கண்ணை மூடு என்றால் மூடினாள். மூச்சை எண்ணு என்றால் எண்ணினாள். நல்ல முன்னேற்றம் என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன். நான்காவது வாரம் பாதியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "மேடம், நான் மூச்சு நல்லாத்தான் வுடறேன். இந்த ரூம்ல ஒரு கொறயும் இல்ல. அந்த கிளாஸ்லதான் வுட முடியல" என்றாள்.

பாயை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டேன். இதைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நடந்தது நீ செய்ததுதான். படிவம், பிரிவு பிரிவாக எழுந்து நிற்பது, ஒரு வாத்தியாரின் நக்கல். அவளுடைய வாத்தியார் கேட்டது, "உனக்கு கட்-ஆஃப் எவ்ளோ? சத்தமா சொல்லு, எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்று. அதற்கு மறுநாளிலிருந்து அவளுக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர். லேபில் அவளோடு சேர்ந்து செய்து வந்த பெண், வேறு பெண்ணோடு போய்விட்டாள். விடுதியில் அவள் உட்காரும் மேசையில் சத்தம் குறைந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. புகார் எழுதினால் என்னவென்று எழுதுவாள்? சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். பிறகு சாப்பாட்டையே குறைத்துக்கொண்டாள்.

நான் நேராகவே கேட்டேன், அப்படித்தான் கேட்க வேண்டும். "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" "சில நாள் தோணுது மேடம்" என்றாள், மணி கேட்டால் சொல்வது போல. அன்று அவளைத் தனியாக விடவில்லை. அவள் சரி என்றதும் அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அந்த அம்மா சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். அடுத்த நாள் மூன்று பேருமாகச் சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணுக்கு இன்னா கொறன்னு சொல்லுங்க மேடம்" என்றார். "உங்க பொண்ணுக்கு ஒரு கொறயும் இல்லம்மா" என்றேன். "அப்ப இன்னாத்துக்கு டாக்டரு?" "அடிபட்டது அவதானம்மா. அவளுக்குத்தான் மருந்து போடணும்" என்றேன். "அடிச்சவன?" என்று கேட்டார்.

அடிச்சவரைப் பார்க்கப் போனேன். மலர் சம்மதித்த அளவுக்கு மட்டும் பேசினேன். துறைத் தலைவர் அறையில் அந்த வாத்தியாரும் இருந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார், உன்னைப் போல. துறைத் தலைவர் சொன்னார்: "நாங்க யாரும் பேதம் பாக்குறதில்ல மேடம். ஃபார்ம் வந்தா ஃபில் பண்ணித்தான ஆவணும்? இப்ப வர்ற புள்ளைங்க எல்லாத்துக்கும் சுருங்கிப்போவுதுங்க. அவுங்கள ஸ்ட்ராங் ஆக்கறதுக்குத்தான் உங்கள வச்சிருக்கு." நான் இரண்டு பக்கம் அறிக்கை எழுதினேன். வகுப்பறையில் யாருடைய சாதியையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, படிவத்தை மூடிய கவரில் அலுவலகத்திலேயே வாங்க வேண்டும், வாத்தியார்களோடு நான் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டேன். மேலிடத்தில் கூப்பிட்டார்கள். சாதி என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'சூழலோடு பொருந்துவதில் சிரமம்' என்று மாற்றித் தரச் சொன்னார்கள். முடியாது என்றேன். என் வேலை நீட்டிப்புக் கடிதம் இந்த வருஷம் இன்னும் வரவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு பாயை வேறு விதமாகப் பயன்படுத்தினேன். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவதால், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள் என்று புரிந்தது. விருப்பமுள்ளவர்கள் புதன்கிழமை வந்து வட்டமாக உட்காரலாம் என்று சொன்னேன். ஃபோட்டோ கிடையாது. முதல் வாரம் மூன்று பேர். ஆங்கிலம் சரியாகப் பேச வராததற்காகக் கேலி செய்யப்பட்ட ஒரு பையன், மாதவிலக்குக்கு லீவு கேட்டு எல்லார் முன்னாலும் காரணம் சொல்ல வைக்கப்பட்ட ஒரு பெண், மலர். அந்தப் பையன் அவள் வகுப்புதான், அவளை விட மேலே என்று சொல்லிக்கொள்ளும் சாதி. அவன் சொன்னான், "நானும் அன்னிக்கி சிரிச்சேன் மேடம். எல்லாரும் சிரிச்சாங்கன்னு சிரிச்சேன்." மலர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்லவும் இல்லை. அடுத்த வாரமும் இரண்டு பேரும் வந்தார்கள். பிறகு ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அவர்களே உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒற்றை வரியில் சுற்றறிக்கை வந்தது. சமூகப் பிரிவு விவரங்களை இனி அலுவலகத்தில் மட்டும் அளிக்கவும். காரணம் எதுவும் போடவில்லை. அந்த வாத்தியார் இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. என்னை வராந்தாவில் பார்த்தால், "இப்பல்லாம் வாயத் தொறக்கவே பயமாக்கீது மேடம்" என்று சிரிக்கிறார். மலர் மாத்திரை சாப்பிடுகிறாள், படிக்கிறாள், சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை. இவ்வளவுதான் நடந்தது. பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். நீ ஏழாவது படிக்கும்போது, வகுப்பில் படிவம் நிரப்புவதற்காக உன் சாதியைக் கேட்டுவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கிறது என்று மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் அப்போது தபால் வழியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு மனதில் உள்ளது வயிற்றுவலியாக வரும் என்று அதே வாரம் பரீட்சைக்கு எழுதினேன். பக்கத்து அறையில் நீ சுருண்டு படுத்திருந்தாய், உனக்கு ஓம வாட்டர் கொடுத்தேன். மூன்றாவது நாள் நீயே சொன்னாய். உன் அப்பா, "நேரா சொல்லட்டும், நாம இன்னா திருடியா பொழைக்கிறோம்?" என்றார். நான்தான் தடுத்தேன். "யாரு கேட்டாலும் பண்ருட்டின்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல கேட்டா தெரியாது, அம்மாவதான் கேக்கணும்னு சொல்லிடு" என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்க்கச் சொன்னேன். நீ ஒப்பித்தாய். அந்த வருஷமே வீட்டை மாற்றினோம். பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரியில் சேரும்போது, உன் சாதிச் சான்றிதழை நானே கவரில் போட்டு ஒட்டி, அலுவலகத்தில் அதிகாரி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு வருஷம் நீ ஒரு நாள்கூட எழுந்து நிற்கவில்லை. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

உன்னைக் காப்பாற்றினேன் என்றுதான் இத்தனை நாள் நம்பினேன். ஒளிந்துகொள்ளக் கற்றுக் கொடுத்தேன். ஒளிந்திருக்கிறவனுக்குத் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதே வேலையாகிவிடுகிறது. பக்கத்தில் இன்னொருவரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு அது வசதி. நீ அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தியபோது, வகுப்பும், பிறகு அந்தக் கதையைக் கேட்ட உன் சக வாத்தியார்களும் அவளைத்தான் பார்த்தார்கள். ஆனால் இதைச் சொல்லி உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. ஏழாவது படித்த பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்தது என் தப்பு. முப்பது வயதில் கையில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நீ கேட்ட கேள்வி உன் தப்பு. அந்த வாக்கியத்தை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை.

நேற்று புதன்கிழமை. வட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர்களிடம் நான் யார் என்று சொன்னேன். அவர்கள் மேல் என் பாரத்தை இறக்கி வைக்கிறேனோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன், ஆலோசகர் செய்யக் கூடாத வேலை அது. ஆனால் நான் வாய்மூடிப் பாயசம் ஊற்றிவிட்டு, மறுபடி அவர்கள் முன் உட்கார்ந்து தைரியமாகப் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. என் மகன் செய்ததையும் சொன்னேன். மலர் கேட்டாள்: "அவர்கிட்ட சொன்னீங்களா மேடம்?" "இல்ல" என்றேன். "அப்ப எங்ககிட்ட மட்டுந்தான் பேசுவீங்களா?" அவள் குரலில் கோபம் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சொல்லுங்க. என் கதையையும் சொல்லுங்க. பேரு மட்டும் வாணாம். ஒரு நாள் சாப்பாட்டு டேபிள்ல யாரும் இல்லாம உக்காந்தா எப்பிடி இருக்கும்னு அவருக்குத் தெரியட்டும்" என்றாள்.

அதனால் சொல்லிவிட்டேன். இனி நீ செய்ய வேண்டியது. உன் சக வாத்தியார்களிடம் நீ யார் என்று சொல்லச் சொல்லி நான் கட்டளை போடப் போவதில்லை. மறைக்கச் சொல்லிக் கொடுத்த வாயால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பது உன் விஷயம். அந்தப் பெண் விஷயம் அப்படி இல்லை. அவளிடம் நீ பேச வேண்டும். அவளை உன் அறைக்குத் தனியாகக் கூப்பிடாதே, பயந்துபோவாள். அவள் நம்புகிற ஒரு ஆசிரியையோ தோழியோ கூட இருக்கட்டும். வர விருப்பமா என்று முதலில் கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. வந்தால், நான் செய்தது தப்பு என்று மட்டும் சொல். ஃபார்ம், நேரமின்மை, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று எதையும் சேர்க்காதே. உன் கண் கலங்கினால் அதை அவள் பார்க்க வேண்டியதில்லை, உன்னைத் தேற்றுவது அவள் வேலை இல்லை. அவள் மன்னிக்காவிட்டால் வாங்கிக்கொண்டு வா. பிறகு அந்த வகுப்புக்குப் போ. அவள் பெயரையோ அவளைக் காட்டும் எதையுமோ சொல்லாமல், அன்று நான் எல்லாரையும் எழுப்பி நிறுத்தியது தப்பு, நீங்கள் சிரித்ததற்கும் நான்தான் காரணம் என்று சொல். அவர்கள் முன்னால் செய்ததை அவர்கள் முன்னால்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை படிவம் வந்தால் கவரில் வாங்கு. முடியாது என்று உன் துறைத் தலைவர் சொன்னால், முடியும் என்று சொல். அதற்காக உன் பெயர் கெட்டால் கெடட்டும்.

என் அறையில் எட்டு வருஷமாக யாரிடமும் நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை. உன்னிடம் அப்படி நிதானமாக எழுத வேண்டும் என்று நான்கு தாள் கிழித்துப் போட்டேன். வரவில்லை. வர வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ என்னிடம் ஆலோசனைக்கு வந்தவன் இல்லை, நான் பெற்றவன். இந்தக் கோபம் உனக்கு உரியது.

இதைப் படித்து முடித்ததும் எனக்கு ஃபோன் செய்யாதே. அழாதே, விளக்கம் சொல்லாதே, அப்பாவிடம் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று சுற்றி வளைத்துக் கேட்காதே. முதலில் அந்தப் பெண்ணைப் பார். அதற்குப் பிறகு ஃபோன் செய். அதுவரை எத்தனை முறை மணி அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

அம்மா